யானை நெருஞ்சியைத் தப்பில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி

யாராவது ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து "இது நெருஞ்சிதானே?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "எந்த நெருஞ்சி?" என்றுதான். தமிழில் அந்தப் பெயரில் மூன்று செடிகள் திரிகின்றன. சிறுநெருஞ்சி, செப்பு நெருஞ்சி, யானை நெருஞ்சி. பெயரைப் பார்த்தால் அக்கா தங்கை மாதிரித் தோன்றும். உண்மையில் ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. சிறுநெருஞ்சி தனிக் குடும்பம். செப்பு நெருஞ்சி அவுரியின் இனம். யானை நெருஞ்சி எள்ளுக்குச் சொந்தம். நான் சொல்லப்போவது இந்த மூன்றாவதைப் பற்றி.

கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறையில் 27 வருடம் வேலை பார்த்தேன். மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியிலிருந்து கொண்டுவரும் செடிகளை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, சீட்டு எழுதி, அலமாரியில் வைப்பது என் பொறுப்பு. அந்த வருடங்களில் அதிகம் பெயர் மாறி வந்த செடிகளில் யானை நெருஞ்சியும் ஒன்று. பூத்துக் காய்த்து நிற்கும்போது அதை அடையாளம் காண்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. சின்னச் செடியாக இருக்கும்போதும், காய்ந்து இலை உதிர்ந்த பிறகும்தான் தப்பு நடக்கிறது. அதனால் ஒரே ஒரு அடையாளத்தை நம்பாமல், இலை, காய், நீர் என்று மூன்றையும் பார்க்கச் சொல்லித் தருவேன்.

முதலில் எங்கே தேடுவது என்று சொல்லிவிடுகிறேன். இது மணல் பிடித்த செடி. கடற்கரையில் அலை வந்து தொடும் முதல் வரிசை மணலில் அடும்புக் கொடியும் இராவணன் மீசையும்தான் இருக்கும். அங்கே தேட வேண்டாம். அதைத் தாண்டி உள்ளே வந்தால் மணல் கொஞ்சம் நிலைத்து, ஆள் நடமாட்டமும் ஆடு மாடும் இருக்கிற இடம் வரும். படகு இழுத்து வைத்த மேடு, வலை காயப்போடும் திடல், வீடு கட்டாமல் கிடக்கும் மனை, சாலை ஓரம், ரயில் பாதைச் சரிவு, இதெல்லாம் அதற்கு உகந்த இடங்கள். யாரோ கிளறிவிட்டுப் போன நிலம் என்றால் உடனே குடியேறிவிடும். கடலோரம் மட்டுமில்லை, உள்நாட்டின் வறண்ட மணற்பாங்கான பகுதிகளிலும் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் இயல்பாக வளர்கிறது. தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு செடியைக் காட்டி யானை நெருஞ்சி என்றால் நான் நம்புவதற்கு யோசிப்பேன்.

இது ஒரு பருவச் செடி. மழை விழுந்த சில வாரங்களில் முளைத்து, பூத்து, காய்த்து, மண் காயும்போது தானும் காய்ந்துவிடும். அடுத்த மழைக்கு வருவது விதையிலிருந்து வரும் புதுச் செடி. ஆகவே அடிக்கட்டை முரடாக மரத்துப்போன, பல வருடம் நின்ற புதர் ஒன்றைப் பார்த்தால் அது வேறு ஏதோ.

சரி, செடிக்கு முன்னால் உட்காருங்கள். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. முழங்கால் உயரம்கூட இல்லாத செடி இது. அடியிலேயே கிளைத்துச் சுற்றிலும் பரவும். ஓரக் கிளைகள் தரையில் சாய்ந்து நுனி மட்டும் நிமிர்ந்திருக்கும். தண்டு சதைப்பற்றானது, வெளிர் பச்சை நிறம். விரலால் தடவினால் வழவழப்பாக இருக்காது. பொடி மணல் ஒட்டியதுபோல் லேசான சொரசொரப்பு இருக்கும். மணல்தான் ஒட்டியிருக்கிறது என்று ஊதிப் பார்ப்பார்கள், போகாது. அது செடியின் மேல்தோலில் உள்ள நுண்ணிய சுரப்பிகள். அவற்றைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இந்தச் செடியின் உயிர் அடையாளமே அவைதான்.

இலையைப் பாருங்கள். முதல் கேள்வி, இது ஒரே இலையா, சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா? யானை நெருஞ்சியின் இலை தனி இலை. இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முட்டை வடிவம், நுனி மழுங்கல், ஓரத்தில் பெரிய பெரிய மழுங்கிய பற்கள். சில இலைகளில் பற்கள் ஆழமாக வெட்டி மடல்போல இருக்கும், சிலவற்றில் அலைபோல மட்டும் இருக்கும். ஒரே செடியிலேயே இரண்டும் கிடைக்கும், குழம்ப வேண்டாம். இலைகள் தண்டில் எதிரெதிராக வரும். உச்சிக்கு அருகே மட்டும் மாறி மாறி வருவதும் உண்டு. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் போன் கேமராவை முடிந்த அளவு பெரிதாக்குங்கள். சாம்பல் பூச்சு என்று நினைத்தது தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும், சர்க்கரைத் தூள் தெளித்தது மாதிரி. கசக்கி முகர்ந்தால் கனமான ஒரு வாடை வரும். எனக்கு அந்த வாடை பழகிவிட்டது. முதல் தடவை முகர்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்த இடத்திலேயே சிறுநெருஞ்சி விலகிவிடும். அதன் இலை கூட்டிலை. புளிய இலை போல ஒரு காம்பின் இரு பக்கமும் நான்கு முதல் எட்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். பட்டு போன்ற மென்மயிர் படர்ந்திருக்கும். ஒரே கணுவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் இருப்பதைக் கவனியுங்கள். அப்படிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. செடி முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், யானை நெருஞ்சி மாதிரி தலை தூக்காது. செப்பு நெருஞ்சிக்கும் கூட்டிலைதான். ஆனால் அதில் சின்னஞ்சிறு செம்பு நிறச் சிவப்புப் பூக்கள் இருக்கும், குத்தும் முள்காய் இருக்காது. அதன் காய் அரை விரல்கடைகூட வராத ஒரு குட்டி அவரை. தரையில் விரித்த கம்பளம் போல் படர்ந்து கிடக்கும். பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இலையை வைத்துப் பார்க்கும்போது உண்மையில் குழப்பம் தரும் செடிகள் வேறு. வெட்டுக்காயப் பூண்டின் இளஞ்செடி அதில் ஒன்று. அதற்கும் எதிரிலை, ஓரத்தில் பல், கடலோர மணலிலும் வரும். ஆனால் அதன் பற்கள் கூர்மையானவை, இலையும் தண்டும் மயிர் நிறைந்தவை. யானை நெருஞ்சியில் நீண்ட மயிர் கிடையாது. மருளூமத்தை இன்னொன்று. முள்ளுக்காய் என்று மட்டும் கேட்டுவிட்டு அதைப் பிடுங்கி வருபவர்கள் உண்டு. அதன் இலை உள்ளங்கை அளவு, தொட்டால் அரம் மாதிரி. காய் முழுக்கக் கொக்கி முட்கள் மூடியிருக்கும். துணியில் ஒட்டினால் எடுக்க முடியாது. யானை நெருஞ்சிக் காய் துணியில் அப்படித் தொற்றாது.

பூ வந்திருந்தால் வேலை பாதி முடிந்தது. இலைக் கக்கத்தில் ஒற்றைப் பூ. பளிச்சென்ற மஞ்சள். மெல்லிய குழல் ஒன்று நீண்டு, வாயில் ஐந்து உருண்டையான மடல்களாக விரியும். எள் பூவைப் பார்த்தவர்களுக்குச் சாடை உடனே தெரியும், நிறம் மட்டும் வேறு. மடல்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தனித்தனி இதழாக வராது, குழலோடு முழுப் பூவாகக் கழன்று வரும். உள்ளே மகரந்தத் தாள்கள் நான்கு, அதில் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. சிறுநெருஞ்சியின் பூவும் மஞ்சள்தான். ஆனால் அது ஐந்து தனித்தனி இதழ்கள் விரிந்த தட்டையான பூ, மகரந்தத் தாள் பத்து. "மஞ்சள் பூ, முள்ளுக்காய்" என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பமும் வருகிறது.

பூக்காம்பின் அடியையும் விடாதீர்கள். குண்டூசித் தலை அளவு சுரப்பிகள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். பூவுக்கு வெளியே தேன் சுரப்பவை அவை. எள் குடும்பத்துக்கே உரிய அம்சம் இது. எள் செடியிலும் போய்ப் பாருங்கள், காம்படியில் இருக்கும்.

இப்போது காய். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இலை உதிர்ந்த பிறகு மிஞ்சுவது இது ஒன்றுதான். ஒரு காயைப் பறித்து விரல்களுக்கு இடையில் வைத்துச் சுழற்றுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை நீளம். நான்கு பட்டை தெளிவாகத் தட்டுப்படும். அடிப்பக்கம் அகன்று, நுனியை நோக்கிக் குறுகி, கோபுரம் போல முடியும். அகன்ற பகுதியில் பட்டைக்கு ஒன்றாக நான்கு முட்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முட்களுக்குக் கீழே காய் சட்டென்று ஒடுங்கிக் கழுத்து மாதிரி ஆகிக் காம்போடு சேரும். காயைத் தலைகீழாகப் பிடித்துக் காம்புப் பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் நான்கு முள்ளும் கூட்டல் குறி போலத் தெரியும். பச்சையில் சதைப்பற்றாக இருக்கும். காய்ந்தால் வைக்கோல் நிறத்துக்கு மாறித் தக்கை போல லேசாகிவிடும். ஆனால் எவ்வளவு காய்ந்தாலும் வெடிக்காது, பிரியாது. ஒரே உருப்படியாக விழும், விதைகள் உள்ளேயே இருக்கும்.

சிறுநெருஞ்சிக் காயோ சக்கரம் போலத் தட்டையாக இருக்கும், முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். செருப்பில் ஏறுவதும் சைக்கிள் டயரைப் பஞ்சர் ஆக்குவதும் அந்தத் துண்டுதான். எண்ணிப் பார்க்கும் கணக்கு இதுதான்: உடையாத ஒரே காய், நான்கு முள் என்றால் யானை நெருஞ்சி. ஐந்தாக உடையும் காய் என்றால் சிறுநெருஞ்சி. காய்ந்த சரக்கை வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கணக்கே போதும். நாட்டு மருந்துச் சரக்கில் இரண்டும் நெருஞ்சி முள் என்ற பெயரில் வரக்கூடும்.

இந்தக் காயின் உருவத்தைப் பார்த்துத்தான் விஞ்ஞானப் பெயரும் வைத்திருக்கிறார்கள். பெடாலியம் மியூரெக்ஸ். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759-இல் வெளியிட்ட பெயர். பெடாலியன் என்றால் கிரேக்கத்தில் கப்பலின் சுக்கான். மியூரெக்ஸ் என்பது முள் முளைத்த கடல் நத்தைச் சங்கு. பட்டைகளைச் சுக்கானாகவும் முட்களைச் சங்கு முள்ளாகவும் பார்த்த ஒரு கண் அதற்குப் பின்னால் இருக்கிறது. கடற்கரையில் வளரும் செடிக்குக் கப்பலும் சங்கும் பெயராக அமைந்தது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். பெடாலியம் என்ற பேரினத்தில் இந்த ஒரே இனம்தான் இருக்கிறது. ஆகவே பேரினத்தைக் கண்டுபிடித்துவிட்டால் இனத்துக்குத் தனியாக அலைய வேண்டாம்.

பூவும் இல்லை, காயும் இல்லை, நான்கைந்து இலை விட்ட சின்னச் செடி மட்டும் கிடைத்தால்? அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறந்ததில்லை.

கண்ணாடி டம்ளரில் பாதி அளவு சாதாரணக் குளிர்ந்த நீர் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியாக இருப்பது நல்லது, பார்க்க வேண்டும் அல்லவா. புதிதாகப் பறித்த, ஐந்தாறு இலையுள்ள ஒரு கிளை நுனியை எடுங்கள். கசக்க வேண்டாம், நறுக்க வேண்டாம். காம்பைப் பிடித்துக்கொண்டு இலைப் பகுதியை நீரில் விட்டு, ஸ்பூனால் கலக்குவது போலச் சுழற்றுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கைக்குக் கனம் தெரியும், நீர் கிளையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். இன்னும் சிறிது நேரம் விடாமல் சுழற்றிவிட்டுக் கிளையை மெதுவாகத் தூக்குங்கள். நீர் சொட்டாக விழாது. கிளை நுனியிலிருந்து டம்ளர் வரை நூலாக நீளும். முட்டையின் வெள்ளைக்கரு ஒழுகுவது போல ஒழுகி, பாதியில் அறுந்து, மேலே சுருண்டு ஏறும். டம்ளரைச் சாய்த்தால் மொத்த நீரும் ஒரே கட்டியாக நகரும். நிறம் மாறாது, தெளிவாகவே இருக்கும். அதுதான் பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம்.

நீரைக் கெட்டியாக்கியது இலையின் சாறு அல்ல. அதனால்தான் கசக்க வேண்டாம் என்கிறேன். மேல்தோலில் பொடி மணல் போலத் தட்டுப்பட்ட அந்தச் சுரப்பிகள்தான் காரணம். ஒவ்வொரு சுரப்பியின் தலையிலும் கோழைப் பொருள் அடைந்திருக்கிறது. நீர் பட்டதும் அது பன்மடங்கு ஊதிக் கரைந்து நீரெங்கும் பரவுகிறது. கலக்கியதும் உடனே பார்த்துவிடுங்கள். சில மணி நேரம் வைத்திருந்தால் அந்தக் கெட்டித்தன்மை தளர்ந்து மறுபடியும் நீராக இறங்கிவிடும். தண்ணீர் கலந்த மோரைக் கெட்டியாகக் காட்ட இந்தச் செடியைப் பயன்படுத்திய வழக்கத்தைப் பழைய தாவரக் குறிப்புகள் சொல்கின்றன. அந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்று டம்ளரைப் பார்த்தாலே புரியும்.

பக்கத்தில் இன்னொரு டம்ளரில் சிறுநெருஞ்சிக் கிளையையும் அதே மாதிரிச் சுழற்றிப் பாருங்கள். நீர் நீராகவே இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துச் செய்தவர்கள் பிறகு பெயரை மாற்றிச் சொல்வதே இல்லை.

ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. எள் செடியின் இலையும் நீரில் கோழை விடும், ஒரே குடும்பம் என்பதால். செம்பருத்தி இலையும் விடும், அதைக் கசக்க வேண்டியிருக்கும் என்றாலும். ஆகவே கோழை வந்துவிட்டது என்று முடிவு கட்டாமல் இலை வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். எள்ளின் தண்டு நேராக நிமிர்ந்து மயிரோடு இருக்கும். யானை நெருஞ்சி அடியில் கிளைத்து, சாம்பல் பூத்து, மழுங்கிய பற்களோடு இருக்கும். செடி வாடியிருந்தாலோ காய்ந்திருந்தாலோ கோழை குறைவாகத்தான் வரும். வரவில்லை என்பதால் மட்டும் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு, எல்லாம் நெருஞ்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பெயரில் "நெருஞ்சி" இருந்தால் போதும் என்று பறித்துக் கஷாயம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மூன்றும் வேறு வேறு குடும்பம் என்றால் உள்ளே இருக்கும் பொருட்களும் வேறு. தென்னாப்பிரிக்காவில் சிறுநெருஞ்சியை மேய்ந்த செம்மறி ஆடுகளுக்குத் தலை வீங்கி மஞ்சள் காமாலை காண்பது கால்நடை மருத்துவத்தில் நன்றாக அறியப்பட்ட நோய். அதற்காகப் பயமுறுத்தவில்லை. எது எது என்று தெரியாமல் வாயில் வைக்காதீர்கள் என்கிறேன். மருந்தாக எடுப்பது தனிக் கேள்வி, அதை மருத்துவரிடம் கேளுங்கள். என்னால் சொல்ல முடிவது செடியின் பெயரை மட்டும்தான்.

கண்டுபிடித்த செடியை உலர்த்தி வைக்க விரும்புபவர்களுக்கு, கைப்பழக்கத்தில் தெரிந்த சில விஷயங்கள். இந்தச் செடியைக் கழுவவே கழுவாதீர்கள். வேர் மண்ணை உதறுங்கள், போதும். கழுவினால் கோழை கிளம்பிச் செய்தித்தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கும்போது இலை கிழியும். பனி ஈரம் இருக்கும்போதும் பறிக்க வேண்டாம், வெயில் ஏறட்டும். தண்டு சதையாக இருப்பதால் சீக்கிரம் காயாது. மற்றச் செடிகளுக்கு விட்டுவிட்டு மாற்றும் தாளை இதற்குத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் கறுத்துப்போகும். காய்களை அப்படியே அழுத்தினால் முள் நாலைந்து தாளைத் துளைத்து அடுத்த செடியையும் கெடுக்கும். ஒன்றிரண்டைக் கிளையில் விட்டுவிட்டு மீதியைப் பறித்துச் சின்னக் காகித உறையில் போட்டு அதே தாளின் மூலையில் ஒட்டுங்கள். பூவின் நிறத்தைப் பறித்த அன்றே எழுதிவிடுங்கள், காய்ந்தால் தெரியாது. தேதி, மண் எப்படி, கடலிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் என்னென்ன செடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காகித உறையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நானே ஒரு தப்பை ஒட்டி வைத்தேன். ஒரு கோடையில் வந்த செடி அது. இலை முழுக்க உதிர்ந்துவிட்டது, வெறும் குச்சி. கொண்டுவந்தவர் சிறுநெருஞ்சி என்று எழுதியிருந்தார், நானும் அப்படியே சீட்டு எழுதி ஒட்டினேன். தரையோடு கிடக்க வேண்டிய செடிக்கு இவ்வளவு தடித்த தண்டு ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஒன்பது வருடம் அந்தத் தாள் தப்பான கட்டுக்குள் இருந்தது. வேறு எதற்கோ எடுத்தபோது, மூலையில் இருந்த உறையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். மூன்று காய்கள். உடையாமல், நான்கு பட்டை, நான்கு முள்.

பழைய சீட்டைக் கிழிக்கவில்லை. உலர்தாவரத் தாளில் அப்படிக் கிழிக்கக் கூடாது. அதற்கு மேலே ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, யானை நெருஞ்சி, பெடாலியம் மியூரெக்ஸ் என்று எழுதி, காய்களை வைத்து முடிவு செய்தது என்று குறித்து, அன்றைய தேதியைப் போட்டேன்.